ஊடாடு தாவர வளர்ப்பு

ஊடாடு தாவர வளர்ப்பு என்பது, உயிருள்ள செடிகளையும் கணினியால் வரையப்படும் செடிகளையும் ஒரே படைப்பில் இணைத்த ஒரு நிறுவற்கலைப் படைப்பு ஆகும். ஆஸ்திரியாவைச் சேர்ந்த கிறிஸ்டா சொம்மரர், பிரான்சைச் சேர்ந்த லோரான் மின்யொன்னோ ஆகிய இரு கலைஞர்கள் இதனை 1992 ஆம் ஆண்டில் உருவாக்கினர். இதன் ஆங்கிலப் பெயர் இன்டராக்டிவ் பிளான்ட் குரோயிங் என்பதாகும். பார்வையாளர் ஒருவர் தொட்டியில் உள்ள செடியைத் தொடும்போதோ, அதன் அருகில் கையைக் கொண்டு செல்லும்போதோ, எதிரே உள்ள பெரிய திரையில் அதே வகையைச் சார்ந்த எண்ணிமச் செடிகள் முளைத்து வளரத் தொடங்குகின்றன. விசைப்பலகை, சுட்டி போன்ற கருவிகளுக்குப் பதிலாக ஓர் உயிருள்ள தாவரத்தையே கணினியின் இடைமுகமாகப் பயன்படுத்திய முன்னோடிப் படைப்புகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

இயற்கைப் பொருட்களையும் எண்ணிமப் படிமங்களையும் கலந்து சிற்பம் செய்யும் கலைமுறையை விளங்கிக்கொள்வதற்கு இப்படைப்பு ஒரு நல்ல எடுத்துக்காட்டாகும். இத்தகைய படைப்புகள் எவ்வாறு இயங்குகின்றன, அவற்றில் இயற்கைப் பொருளின் பங்கு உண்மையில் என்ன, காலப்போக்கில் அவற்றை எவ்வாறு பாதுகாப்பது ஆகிய மூன்று கேள்விகளும் இதன் வழியாக எழுகின்றன.

சில கலைச்சொற்கள்

மரபான சிற்பம் என்பது கல், மரம், உலோகம், சுதை போன்ற பொருட்களைச் செதுக்கியோ வார்த்தோ வனைந்தோ ஆக்கப்படும் முப்பரிமாண உருவம் ஆகும். இருபதாம் நூற்றாண்டில் இவ்வரையறை பெரிதும் விரிந்தது. கிடைத்த பொருட்களை அப்படியே எடுத்து அடுக்குவதும், ஓர் அறை முழுவதையும் படைப்பாக மாற்றுவதும் சிற்பத்தின் எல்லைக்குள் வந்தன. பார்வையாளர் உள்ளே நுழைந்து உணரும்படி ஓர் இடத்தில் அமைக்கப்படும் படைப்பு நிறுவற்கலை எனப்படுகிறது. தொலைக்காட்சிப் பெட்டிகளையும் நிகழ்படத்தையும் சிற்பப் பொருளாகக் கொண்டு ஆக்கப்படுவது நிகழ்படச் சிற்பம் எனப்படுகிறது. பார்வையாளரின் செயலுக்கு ஏற்ப மாறும் படைப்பு ஊடாடு கலை எனப்படுகிறது. ஊடாடு தாவர வளர்ப்பு இவற்றுள் முதலாவதையும் மூன்றாவதையும் சார்ந்தது, இரண்டாவதின் வழித்தோன்றல்.

பின்னணி

இயற்கைப் பொருளையும் மின்னணுப் படிமத்தையும் இணைக்கும் முயற்சி கணினிக்கு முன்னரே தொடங்கிவிட்டது. இதில் முதன்மையானவர் கொரியாவில் பிறந்த நாம் ஜூன் பைக் (1932–2006) ஆவார். இவர் 1963 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் நடத்திய கண்காட்சியில், தொலைக்காட்சிப் பெட்டிகளின் மின்னணு ஓட்டத்தை மாற்றியமைத்து, ஒளிபரப்பு உருவங்களைச் சிதைத்துக் காட்டினார். 1974 ஆம் ஆண்டில் அவர் ஆக்கிய தொலைக்காட்சித் தோட்டம் என்னும் படைப்பில், உயிருள்ள செடிகளின் நடுவே பல தொலைக்காட்சிப் பெட்டிகள் மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் கிடத்தப்பட்டன. இலைகளுக்கிடையே பூக்கள் இருக்கவேண்டிய இடங்களில் திரைகள் ஒளிர்ந்தன. அவற்றில் 1973 ஆம் ஆண்டில் பைக் தயாரித்த குளோபல் குரூவ் என்னும் நிகழ்படம் ஓடியது.

பைக்கின் மனைவியும் ஜப்பானில் பிறந்த கலைஞருமான ஷிகேகோ குபோட்டா (1937–2015) மலை, ஆறு போன்ற நிலத்தோற்றங்களை நிகழ்படச் சிற்பங்களாக ஆக்கினார். அவரது ஆறு என்னும் படைப்பில், தொங்கவிடப்பட்ட திரைகளின் உருவங்கள் கீழே தொட்டியில் அசையும் நீரின் மேற்பரப்பில் பிரதிபலித்தன.

இப்படைப்புகளில் இயற்கைப் பொருளும் படிமமும் ஒன்றையொன்று அடுத்து இருந்தன. சில வேளைகளில் ஒன்று மற்றொன்றின் மீது விழுந்தது. எனினும் செடியில் ஏற்படும் மாற்றம் படத்தை மாற்றவில்லை. பதிவு செய்யப்பட்ட நாடா தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது. படிமத்தை அந்தக் கணத்திலேயே புதிதாக வரையக்கூடிய கணினிகள் வந்த பின்னரே இவ்விரண்டுக்கும் இடையே உயிரோட்டமான தொடர்பை ஏற்படுத்த முடிந்தது. 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் முப்பரிமாண உருவங்களை உடனுக்குடன் வரையும் சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனத்தின் பணிநிலையக் கணினிகள் ஆய்வுக்கூடங்களுக்கும் ஒரு சில கலைப்பள்ளிகளுக்கும் கிடைத்தன.

இதே காலத்தில் உயிரியலிலும் கணினியியலிலும் செயற்கை உயிர் என்னும் துறை உருவாகியது. கிறிஸ்டோபர் லாங்டன் 1987 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் நகரில் இத்துறைக்கான முதல் கருத்தரங்கை ஒழுங்கு செய்தார். உயிரினங்களின் வளர்ச்சி, இனப்பெருக்கம், படிவளர்ச்சி போன்ற செயல்முறைகளைக் கணினி நிரல்களில் செய்துகாட்டுவது இத்துறையின் நோக்கமாகும்.

கலைஞர்கள்

கிறிஸ்டா சொம்மரர் 1964 ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவில் பிறந்தார். வியன்னாவில் தாவரவியலும் சிற்பக்கலையும் பயின்றார். லோரான் மின்யொன்னோ 1967 ஆம் ஆண்டில் பிரான்சின் அங்குலேம் நகரில் பிறந்து, அங்குள்ள நுண்கலைப் பள்ளியில் பயின்றார். இவர் நிகழ்படத்திலும் மின்னணுவியலிலும் நிரலாக்கத்திலும் ஈடுபாடு கொண்டவர். இருவரும் பிராங்க்ஃபுர்ட் நகரில் ஸ்டேடல் கலைப்பள்ளியைச் சார்ந்திருந்த புதிய ஊடக நிறுவனத்தில் சந்தித்தனர். அந்நிறுவனத்தை அப்போது பீட்டர் வைபெல் (இறப்பு 2023) வழிநடத்தினார். இருவரும் சேர்ந்து செய்த முதல் படைப்பு ஊடாடு தாவர வளர்ப்பு ஆகும்.

ஒருவர் தாவரங்களின் புற அமைப்பை அறிந்தவர். மற்றவர் மின்சுற்றையும் நிரலையும் அறிந்தவர். இப்படைப்பின் இரு பாதிகளும் இவ்விரு பயிற்சிகளிலிருந்து வந்தவை. பின்னர் இருவரும் ஜப்பானில் கியோட்டோ அருகிலுள்ள ஏ.டி.ஆர். ஆய்வுக்கூடத்திலும் கிஃபு மாகாணத்தில் உள்ள ஊடகக்கலைக் கல்லூரியிலும் பணியாற்றினர். 2004 ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரக் கலைப் பல்கலைக்கழகத்தில் இடைமுகப் பண்பாடுகள் என்னும் துறையைத் தொடங்கினர்.

படைப்பின் அமைப்பு

இருட்டாக்கப்பட்ட ஓர் அறையில் ஐந்து மரத் தூண்கள் நிற்கின்றன. ஒவ்வொரு தூணின் மீதும் ஒரு செடித்தொட்டி வைக்கப்பட்டுள்ளது. தூண்களுக்கு எதிரே பெரிய திரை உள்ளது. படவீழ்த்தி ஒன்று கணினி வரையும் உருவத்தை அதன் மீது காட்டுகிறது. ஐந்து தொட்டிகளிலும் உள்ள தாவரங்கள் பின்வருமாறு:

* பன்னம்
* கொடி
* பாசி
* மரக்கன்று
* கள்ளி

திரை தொடக்கத்தில் வெறுமையாக இருக்கும். பார்வையாளர் ஒருவர் பன்னத்தை அணுகினால், திரையில் பன்னங்கள் முளைக்கும். கொடியை அணுகினால் கொடிகள் படரும். ஐந்து பேர் ஒரே நேரத்தில் ஐந்து செடிகளைத் தொடலாம். அப்போது ஐவரும் சேர்ந்து ஒரே திரையில் ஒரு காட்டை வளர்க்கின்றனர். கணினியில் 25க்கும் மேற்பட்ட தாவர வடிவங்களுக்கான நிரல்கள் உள்ளன.

கள்ளிக்குத் தனியான பணி ஒன்று உண்டு. அதைத் தொட்டவுடன் திரையில் வளர்ந்த அனைத்தும் அழிந்து, திரை மீண்டும் வெறுமையாகும். பின்னர் புதிய வளர்ச்சி தொடங்கும். எனவே ஒருவர் பல நிமிடங்கள் பொறுமையாக வளர்த்த காட்டை வேறொருவர் ஒரே தொடுகையில் அழித்துவிட முடியும். அழிவு என்பது இப்படைப்பில் ஒரு பிழை அன்று; அது வளர்ச்சிச் சுழற்சியின் ஒரு பகுதியாகவே திட்டமிடப்பட்டுள்ளது.

இயங்கும் முறை

கையும் செடியும்

கலைஞர்கள் தரும் விளக்கத்தின்படி, பார்வையாளரின் உடலுக்கும் செடிக்கும் இடையிலுள்ள மின்னழுத்த வேறுபாடே இப்படைப்பின் உள்ளீடு ஆகும். செடியின் உடலில் நீரும் அதில் கரைந்த உப்புகளும் நிறைந்திருப்பதால் அது மின்சாரத்தை ஓரளவு கடத்தும். ஈரமான மண்ணும் கடத்தும். எனவே தொட்டியின் மண்ணில் பதித்த ஒரு கம்பி, வேர், தண்டு, இலை எல்லாம் சேர்ந்து ஓர் உணர்கொம்பு போல் செயல்படுகின்றன.

மனித உடலும் மின்சாரத்தைக் கடத்துவது. மின் பொறியியலில் நிற்கும் ஒரு மனிதரின் கொண்மத்தை ஏறத்தாழ 100 பிக்கோபாரடு எனக் கொள்வது வழக்கம். இரு கடத்திகள் அருகருகே இருந்து அவற்றின் நடுவே காற்று இருந்தால், அவை ஒரு மின்தேக்கி ஆகின்றன. அவற்றின் இடைத்தூரம் குறையக் குறையக் கொண்மம் கூடும். எடுத்துக்காட்டாக, இணையான இரு தகடுகளுக்கு இடையிலுள்ள தூரத்தைப் பாதியாக்கினால் கொண்மம் இருமடங்காகும். கையும் இலையும் இணைத் தகடுகள் அல்ல என்பதால் இக்கணக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும், நெருங்கினால் குறிப்பு வலுக்கும், விலகினால் தளரும் என்னும் போக்கு பொருந்தும். 1920 ஆம் ஆண்டில் ரஷ்யாவின் லியோன் தெரமின் கண்டுபிடித்த, தொடாமலேயே வாசிக்கப்படும் தெரமின் என்னும் இசைக்கருவியிலும் கை நெருங்குவதால் ஏற்படும் கொண்மத்தின் மாற்றமே பயன்படுகிறது.

ஊடாடு தாவர வளர்ப்பில், செடியின் அளவையும் வடிவத்தையும் பொறுத்து, தொடும் நிலையிலிருந்து ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் தூரம் வரை கையின் அசைவு உணரப்படுகிறது. இலைகள் விரிந்த செடி தொலைவிலிருந்தே உணரும். சிறிய செடிக்குக் கையை மிக அருகில் கொண்டுசெல்ல வேண்டும்.

குறிப்பிலிருந்து எண்ணுக்கு

செடியிலிருந்து வரும் மின்குறிப்பு மிக வலுக்குறைந்தது. மேலும், கட்டடத்தில் உள்ள மின்கம்பிகளிலிருந்து வரும் இரைச்சலும் அதில் கலந்திருக்கும். எனவே அது முதலில் பெருக்கப்பட்டு, வடிகட்டப்பட்டு, பின்னர் ஒப்புமைக் குறிப்பிலிருந்து எண்ணிமக் குறிப்பாக மாற்றப்படுகிறது. இவ்வாறு கிடைக்கும் எண் தொடர்ச்சியாகக் கணினிக்கு அனுப்பப்படுகிறது. கணினிக்குத் தெரிவது இந்த எண் மட்டுமே. அதற்குச் செடியும் தெரியாது, கையும் தெரியாது.

இவ்வெண்ணின் அளவைப் பல படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு செயல் ஒதுக்கப்பட்டுள்ளது. கை இருக்கும் தூரத்துக்கு ஏற்ப, திரையில் செடி வளரும் இடம், அதன் நிறம், அது சுழலும் திசை, வளர்ச்சி தொடர்வதா நிற்பதா என்பன மாறுகின்றன. இதைப் பார்வையாளருக்கு எவரும் எழுதிக் காட்டுவதில்லை. கையை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தே அவர் கற்றுக்கொள்ள வேண்டும். அவசரமாகப் பற்றி இழுப்பவரை விட, மெல்ல அணுகுபவருக்கே பலவகையான வளர்ச்சி கிட்டும். இந்த மென்மையைக் கற்றுக்கொடுப்பதே இடைமுகத்தின் வடிவமைப்பில் உள்ள முக்கியமான கலைமுடிவு ஆகும்.

வளர்ச்சி நிரல்

திரையில் தோன்றும் செடிகள் முன்பே எடுக்கப்பட்ட ஒளிப்படங்களோ அசைபடங்களோ அல்ல. ஒவ்வொரு செடியும் அந்தக் கணத்தில் நிரலால் வளர்க்கப்படுகிறது. தண்டு எந்தக் கோணத்தில் கிளைக்கும், இலை எந்த ஒழுங்கில் அமையும், கொடி எவ்வாறு சுருளும் என்பன போன்ற புற அமைப்புப் பண்புகளைக் கொண்டு சொம்மரரும் மின்யொன்னோவும் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி வளர்ச்சி விதிகளை எழுதினர். இவ்விதிகளுடன் தற்செயல் எண்களும், பார்வையாளரின் கையிலிருந்து வரும் எண்களும் சேர்கின்றன. ஆகையால் இரண்டு பன்னங்கள் ஒரே மாதிரி வளர்வதில்லை. எனினும் இரண்டுமே பன்னம் என்று பார்த்தவுடன் அறியலாம்.

விதிகளின் மூலம் தாவரத்தை வளர்ப்பது எவ்வாறு என்பதை விளங்கிக்கொள்ள, அக்காலத்தில் நன்கு அறியப்பட்டிருந்த வேறொரு முறையை நோக்கலாம். ஹங்கேரியைச் சேர்ந்த உயிரியலாளர் அரிஸ்டிட் லிண்டன்மாயர் 1968 ஆம் ஆண்டில் பாசி போன்ற எளிய உயிர்களின் வளர்ச்சியை விளக்க, எழுத்துகளை மாற்றி எழுதும் ஒரு முறையை முன்வைத்தார். இதில் இரண்டு விதிகள் மட்டும் இருப்பதாகக் கொள்வோம்:

* "அ" என்னும் கலம் அடுத்த படியில் "அஆ" ஆகும்.
* "ஆ" என்னும் கலம் அடுத்த படியில் "அ" ஆகும்.

"அ" என்பதிலிருந்து தொடங்கினால் வளர்ச்சி பின்வருமாறு அமையும்:

* தொடக்கம்: அ
* முதற்படி: அஆ
* இரண்டாம் படி: அஆஅ
* மூன்றாம் படி: அஆஅஅஆ
* நான்காம் படி: அஆஅஅஆஅஆஅ

எழுத்துகளின் எண்ணிக்கை 1, 2, 3, 5, 8 எனக் கூடிச் செல்கிறது. முன்னுள்ள இரு எண்களைக் கூட்டினால் அடுத்த எண் கிடைக்கும். இதுவே பிபனாச்சி தொடர் ஆகும். சூரியகாந்திப் பூவின் விதைகள் அமைந்துள்ள சுருள்களிலும் இத்தொடரின் எண்கள் காணப்படுகின்றன. எழுத்துக்குப் பதிலாக "தண்டை நீட்டு", "இடப்பக்கம் திரும்பு", "கிளையைத் தொடங்கு" போன்ற கட்டளைகளை வைத்தால், இதே முறை மரத்தையும் பன்னத்தையும் வரைந்துவிடும். மிகச் சில விதிகளிலிருந்து மிகச் சிக்கலான உருவம் கிடைக்கும் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. 1990 ஆம் ஆண்டில் பிரெமிஸ்வாப் புருசின்கியேவிச்சும் லிண்டன்மாயரும் சேர்ந்து வெளியிட்ட நூல் இம்முறையைக் கணினி வரைகலையாளர்களிடையே பரப்பியது.

செடி உணர்கிறதா?

இப்படைப்பைக் காண்போரிடம் அடிக்கடி எழும் கேள்வி இதுவாகும். தொட்டவுடன் திரையில் காடு முளைப்பதைப் பார்க்கும் ஒருவர், செடி தன்னை உணர்ந்து பதிலளிக்கிறது என்று எளிதில் எண்ணிவிடலாம். எனவே மூன்று வேறுபட்ட செய்திகளை இங்கு பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, தாவரங்களுக்கு மின்சாரத் துலங்கல் உண்டு என்பது உண்மை. தொட்டாற்சுருங்கியின் இலை மடங்கும்போது அதன் உடலினூடாக மின்குறிப்பு ஒன்று பரவுகிறது. வங்காள அறிவியலாளர் ஜகதீஷ் சந்திர போஸ் (1858–1937) இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாவரங்களின் மின்துலங்கல்களை நுண்ணிய கருவிகளால் அளந்தார். அவர் 1917 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நிறுவிய போஸ் ஆய்வு நிறுவனம் இன்றும் இயங்குகிறது.

இரண்டாவது, தாவரங்கள் மனிதரின் எண்ணங்களை அறிகின்றன என்னும் கூற்று. 1966 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ் பாக்ஸ்டர் ஒரு செடியின் இலையில் பொய்யறி கருவியை இணைத்து, தன் எண்ணத்துக்கே செடி துலங்குவதாகக் கூறினார். 1973 ஆம் ஆண்டில் வெளியான ஒரு நூல் வழியாக இக்கூற்று உலகெங்கும் பரவியது. ஆனால் 1975 ஆம் ஆண்டில் கட்டுப்பாடான சூழலில் அவரது சோதனையைத் திரும்பச் செய்த ஆய்வாளர்களுக்கு அத்தகைய விளைவு கிடைக்கவில்லை. அறிவியல் உலகம் இதனை ஏற்கவில்லை.

மூன்றாவது, ஊடாடு தாவர வளர்ப்பில் நடப்பது. இது மேற்கூறிய இரண்டும் அன்று. இங்கு செடி முதன்மையாக ஒரு கடத்தியாகவே செயல்படுகிறது. கை நெருங்குவதால் ஏற்படும் மின்மாற்றம், செடிக்குப் பதிலாக ஈரத்துணியோ உலோகக் கம்பியோ இருந்தாலும் ஏற்படும். அப்படியானால் செடி எதற்கு என்ற கேள்வி எழுகிறது. உலோகக் கம்பியைத் தொடும் மனிதர் ஒரு கருவியைத் தொடுகிறார். இலையைத் தொடும் மனிதர் ஓர் உயிரைத் தொடுகிறார். கணினிக்கு இவ்விரண்டும் ஒன்றே. மனிதருக்கு ஒன்றல்ல. எவ்வளவு அழுத்தலாம், இலை முறிந்துவிடுமோ என்று அவர் தயங்குகிறார். நாள்தோறும் கடந்து செல்லும் ஒரு தொட்டிச் செடியை, பல நிமிடங்கள் உற்று நோக்குகிறார். இப்படைப்பில் செடியின் வேலை கணினிக்குச் செய்தி சொல்வது மட்டுமல்ல. பார்வையாளரின் கையை மென்மையாக்குவதும் ஆகும்.

கேள்விகள்

இத்தகைய படைப்புகளைக் குறித்து இருவேறு நோக்குகள் உள்ளன. ஒரு நோக்கின்படி, இவை மக்களை இயற்கையின் பால் திருப்புகின்றன. மற்றொரு நோக்கின்படி, பார்வையாளரின் கண் செடியில் நிலைக்காமல் திரைக்கே செல்கிறது. உயிருள்ள செடி, உயிரற்ற காட்டை வளர்க்கும் ஒரு பொத்தானாகக் குறுகிவிடுகிறது. படவீழ்த்தியின் ஒளி தெளிவாகத் தெரிய அறை இருட்டாக இருக்க வேண்டும். செடி வாழவோ வெளிச்சம் வேண்டும். எண்ணிமக் காடு செழிக்கும் அறையிலேயே உண்மைச் செடி வாடக்கூடும். நாள்தோறும் பல கைகள் தொடுவதால் இலைகளும் சேதமடையும். ஆகவே செடிகளுக்கு நீர் ஊற்றுவதும், அவற்றை வெளிச்சத்தில் வைத்துத் தேற்றுவதும், தேவையானபோது மாற்றுவதும் இவ்வகைக் கண்காட்சிகளில் அன்றாடப் பணியாகின்றன. மண் உலர்ந்தால் மின்கடத்தலும் குறையும் என்பதால், நீர் ஊற்ற மறந்தால் செடியுடன் படைப்பும் தளரும்.

காட்சிகள்

1993 ஆம் ஆண்டில் லின்ஸ் நகரில் நடைபெற்ற ஆர்ஸ் எலக்ட்ரோனிக்கா விழாவில் இப்படைப்பு இடம்பெற்றது. அவ்வாண்டு விழாவின் கருப்பொருள் மரபணுக்கலையும் செயற்கை உயிரும் என்பதாகும். அதே ஆண்டில் அமெரிக்காவின் அனகைம் நகரில் நடந்த சிக்கிராப் கணினி வரைகலை மாநாட்டின் எந்திரப் பண்பாடு என்னும் கண்காட்சியிலும் காட்டப்பட்டது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரிலுள்ள கலை மற்றும் ஊடக மையத்தின் தொகுப்பில் இது இடம்பெற்றுள்ளது.

பேணுதல்

கல்லில் செதுக்கிய சிற்பம் பல நூற்றாண்டுகள் நிற்கும். இயற்கைப் பொருளும் எண்ணிமப் படிமமும் கலந்த சிற்பத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதன் இரு பாதிகளும் அழியக்கூடியவை. இவற்றுள் எது முதலில் அழியும் என்று கேட்டால், பலர் செடி என்பர். ஆனால் நீண்டகால நோக்கில் பெரிய சிக்கல் தருவது எந்திரமே ஆகும்.

பன்னம் வாடினால் மற்றொரு பன்னத்தை நடலாம். அது முந்தைய பன்னம் அன்று எனினும், படைப்பு மாறிவிட்டதாக எவரும் கருதுவதில்லை. கணினிக்கு இது பொருந்தாது. சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனம் 2009 ஆம் ஆண்டில் நொடித்துப்போய் விற்கப்பட்டது. 1990களில் அந்நிறுவனக் கணினிகளுக்காக எழுதப்பட்ட நிரல்கள் இன்றைய கணினிகளில் நேரடியாக இயங்கா. பழைய படவீழ்த்திகளுக்கும் உதிரிப்பாகங்கள் கிடைப்பது அரிது. நாம் ஜூன் பைக்கின் தொலைக்காட்சித் தோட்டத்துக்கும் இதே நிலைதான். அதன் செடிகளை எங்கும் வாங்கலாம். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டிகளையே தேடிச் சேர்க்க வேண்டியுள்ளது.

இத்தகைய படைப்புகளைப் பேணுவதற்கு அருங்காட்சியகங்கள் பொதுவாக நான்கு வழிகளைப் பின்பற்றுகின்றன:

* சேமித்தல்: அதே வகைக் கருவிகளையும் உதிரிப்பாகங்களையும் வாங்கி வைத்தல். இவை தீர்ந்ததும் இவ்வழி முடிந்துவிடும்.
* பெயர்த்தல்: நிரலைப் புதிய கணினிக்கும் புதிய இயக்குதளத்துக்கும் ஏற்ப மாற்றுதல்.
* போலச்செய்தல்: பழைய கணினியைப் போல் நடந்துகொள்ளும் மென்பொருள் ஒன்றைப் புதிய கணினியில் இயக்கி, அதனுள் பழைய நிரலை மாற்றாமல் ஓட்டுதல்.
* மீளாக்கல்: கலைஞரின் குறிப்புகளைக் கொண்டு, படைப்பின் நடத்தையை முற்றிலும் புதிய கருவிகளால் மீண்டும் உருவாக்குதல்.

இவற்றில் எதிலும் இழப்பு உண்டு. எடுத்துக்காட்டாக, வேகமான புதிய கணினியில் பழைய நிரலை ஓட்டினால் ஒரு கொடி கண்ணிமைக்கும் நேரத்தில் வளர்ந்து முடிந்துவிடக்கூடும். மெதுவாக வளர்வதைப் பார்த்துக் காத்திருப்பது படைப்பின் உள்ளடக்கம் என்றால், புதிய கணினியை வேண்டுமென்றே மெதுவாக்க வேண்டும். எது பொருள், எது நடத்தை, எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதைக் கலைஞர் உயிருடன் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்பது, இன்று ஊடகக்கலைப் பாதுகாப்பின் இன்றியமையாத பணியாகக் கருதப்படுகிறது.

தொடர்ந்து வந்த படைப்புகள்

சொம்மரரும் மின்யொன்னோவும் 1994 ஆம் ஆண்டில் ஏ-வோல்வ் என்னும் படைப்பை ஆக்கினர். நீர் நிறைந்த கண்ணாடித் தொட்டியில், பார்வையாளர்கள் வரைந்த வடிவங்களிலிருந்து உருவான செயற்கை உயிர்கள் நீந்துவது போல் இதில் தோன்றும். நீருக்குள் கைவிட்டு அவற்றைக் காக்கவோ தடுக்கவோ முடியும். இப்படைப்பு 1994 ஆம் ஆண்டில் ஆர்ஸ் எலக்ட்ரோனிக்கா வழங்கும் தங்க நிக்கா விருதை ஊடாடு கலைப் பிரிவில் பெற்றது. 2004 ஆம் ஆண்டில் ஜப்பானின் டோக்கியோ நகரில் காட்டப்பட்ட ஓ தெ ஜார்தன் என்னும் படைப்பில், மேலிருந்து தொங்கும் கண்ணாடிக் குடுவைகளில் உள்ள நீர்த்தாவரங்களை அணுகினால், திரையில் ஒரு குளத்தின் தோற்றம் உருவாகும். ஓவியர் குளோட் மொனே வரைந்த அல்லிக்குளங்கள் இதற்குத் தூண்டுதலாக இருந்தன.

வேறு கலைஞர்களும் இவ்வழியில் சென்றனர். கென் கோல்ட்பர்க், ஜோசப் சாந்தரோமானா ஆகியோர் குழுவினருடன் 1995 ஆம் ஆண்டில் தொடங்கிய டெலிகார்டன் என்னும் படைப்பில், இணையத்தின் மூலம் எந்திரக்கை ஒன்றை இயக்கி, தொலைவில் உள்ள உண்மையான தோட்டத்தில் விதைக்கவும் நீர் ஊற்றவும் முடிந்தது. 1996 இல் லின்ஸ் நகருக்கு மாற்றப்பட்ட அத்தோட்டம் 2004 வரை இயங்கியது. 2012 ஆம் ஆண்டில் டிஸ்னி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த இவான் புப்பிரேவும் குழுவினரும் பொட்டானிக்கஸ் இன்டராக்டிகஸ் என்னும் முறையைக் காட்டினர். ஒரே அதிர்வெண்ணுக்குப் பதிலாகப் பல அதிர்வெண்களில் அளப்பதால், இலையைத் தொடுவதையும் தண்டைப் பற்றுவதையும் வேறுபடுத்தி அறிய அதனால் முடிந்தது.

எளிய முறையில் செய்தல்

1992 ஆம் ஆண்டில் ஒரு சில ஆய்வுக்கூடங்களில் மட்டுமே செய்யமுடிந்த இச்செயலின் அடிப்படையை இன்று பள்ளி ஆய்வுகூடத்திலும் செய்து காட்டலாம். இதற்கு வேண்டியவை ஒரு தொட்டிச் செடி, ஒரு செப்புக் கம்பி, பெரிய மின்தடை ஒன்று, 2005 ஆம் ஆண்டில் இத்தாலியில் மாணவர்களுக்காக உருவாக்கப்பட்ட ஆர்டுயினோ போன்ற ஒரு நுண்கட்டுப்பாட்டுப் பலகை, ஒரு கணினி ஆகியன. கம்பியை ஈரமண்ணில் பதித்து, மின்தடை வழியாகப் பலகையுடன் இணைக்க வேண்டும். பலகை கம்பிக்கு மின்னேற்றம் அளித்து, அது நிறைய எடுக்கும் காலத்தை அளக்கும். கை நெருங்கினால் கொண்மம் கூடி, அக்காலமும் கூடும். இவ்வெண்ணைக் கணினிக்கு அனுப்பி, மேலே கூறிய எழுத்து மாற்று முறையில் வரையும் ஒரு சிறு நிரலின் படிகளைக் கூட்டவோ குறைக்கவோ பயன்படுத்தலாம். மண்ணின் ஈரமும் இலைகளின் எண்ணிக்கையும் நாளுக்கு நாள் மாறுவதால், ஒவ்வொரு முறையும் கை விலகியிருக்கும்போது ஒரு தொடக்க அளவை எடுத்துக்கொள்வது அவசியம்.

செடியைத் தேர்வதும், எந்த அசைவுக்கு எந்த மாற்றம் என்று வகுப்பதும் இதற்கு அடுத்த படியாகும். மின்சுற்று எல்லோருக்கும் ஒன்றே. அது கலைப்படைப்பு ஆவது இத்தேர்வுகளால் மட்டுமே.

இவற்றையும் பார்க்க

* நிறுவற்கலை
* நாம் ஜூன் பைக்
* செயற்கை உயிர்
* பிபனாச்சி எண்கள்
* ஜகதீஷ் சந்திர போஸ்
* மின்தேக்கி